ஒரே கூரையின் கீழ்: பன்னாட்டு மாணவர் நட்பு எப்படி உருவாகிறது?

1909ஆம் ஆண்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிக்கட்டு. எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்கு ஹாரி எட்மண்ட்ஸ் காலை வணக்கம் சொன்னார். மாணவர் நின்றுவிட்டார். இந்த நகரத்துக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன, தன்னிடம் பேசிய முதல் மனிதர் நீங்கள்தான் என்றார். எட்மண்ட்ஸ் ஒய்.எம்.சி.ஏ.வில் மாணவர்களிடையே பணியாற்றியவர். இந்தச் சந்திப்புக்குப் பிறகு அவரும் அவருடைய மனைவி புளோரன்ஸும் வெளிநாட்டு மாணவர்களை ஞாயிறு மாலைகளில் தங்கள் வீட்டுக்கு உணவருந்த அழைக்கத் தொடங்கினர். வருகிறவர்கள் பெருகப் பெருக வீடு போதவில்லை. மாணவர் சங்கம் ஒன்று உருவானது. பிறகு ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரின் நிதியுதவியில் 1924இல் நியூயார்க்கின் ரிவர்சைடு டிரைவில் ‘இன்டர்நேஷனல் ஹவுஸ்’ என்ற பெருவிடுதி திறக்கப்பட்டது.

கொலம்பியா அன்றே பெரிய பல்கலைக்கழகம். வகுப்பறையிலும் நூலகத்திலும் உணவகத்திலும் அந்தச் சீன மாணவரைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் இருந்திருப்பார்கள். அவர்கள் கெட்டவர்களும் அல்லர். ஆனாலும் மூன்று வாரங்கள் எவரும் பேசவில்லை. பல நாட்டவரை ஒரே வளாகத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் நட்பு தானாக மலர்ந்துவிடும் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. கல்லூரி விளம்பரங்களும் அரசு ஒப்பந்தங்களும் அந்த நம்பிக்கையின் மேல்தான் எழுதப்படுகின்றன. கடந்த நூறாண்டு அனுபவமும் ஆய்வுகளும் சொல்வது வேறு. நாடு கடந்த நட்புக்கு நல்ல மனம் மட்டும் போதாது. சேர்ந்து தங்கும் இடம், சமமான நிலை, சேர்ந்து செய்ய ஒரு வேலை, வீணாக்கக் கொஞ்சம் நேரம் ஆகிய நான்கும் வேண்டும். இவற்றை யாரோ ஒருவர் திட்டமிட்டு, பணம் போட்டு, எதிர்ப்பைத் தாங்கி ஏற்படுத்தித் தர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

விடுதிக்காக நடந்த போராட்டம்

எட்மண்ட்ஸ் அடுத்ததாகக் கலிபோர்னியாவின் பெர்க்லி நகருக்குச் சென்றார். ஆசிய மாணவர்களுக்கும் கறுப்பின மாணவர்களுக்கும் அங்கே வாடகைக்கு அறை கிடைப்பது அரிதாக இருந்தது. விடுதிக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பீட்மான்ட் அவென்யூ. வெள்ளையரல்லாதவர்களையும் வெளிநாட்டவரையும் சேர்த்துக்கொள்ளாத மாணவர் சங்க இல்லங்கள் வரிசையாக நின்ற தெரு அது. தெரிந்தேதான் அவர் அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்தார்.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. பல இனத்தவர் ஒரே கூரையின் கீழ் வாழ்வதா, ஆண்களும் பெண்களும் ஒரே கட்டடத்தில் தங்குவதா என்று ஊரார் கொதித்தனர். தங்கள் சொத்தின் மதிப்பு சரிந்துவிடும் என்று வீட்டு உரிமையாளர்கள் அஞ்சினர். 800க்கும் மேற்பட்டோர் திரண்ட எதிர்ப்புக் கூட்டத்தில் எழுந்து நின்று விடுதிக்காக வாதாடியவர் டெலைலா பீஸ்லி என்ற கறுப்பினப் பெண் பத்திரிகையாளர். 1930 ஆகஸ்டில் பெர்க்லி விடுதி திறக்கப்பட்டது. 1932இல் சிகாகோவிலும் ஒன்று எழுந்தது.

லண்டன் வரலாறும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. ஆப்பிரிக்க மாணவர்களுக்கு அறை இல்லையென்று கதவைச் சாத்திய வீடுகள் அங்கே ஏராளம். 1925இல் நைஜீரியரான லடிப்போ சொலாங்கே முன்னின்று தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கம், 1933இல் கேம்டன் பகுதியில் தனக்கென ஒரு விடுதியைத் திறந்தது. அதற்கும் முன்பே, 1920இல், இந்திய மாணவர்களுக்கென லண்டனில் ஒரு சங்கத்தையும் விடுதியையும் நிறுவியவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளர் அவர். அந்த விடுதி 1953இல் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் பெற்றது. அதன் உணவுக்கூடம் வெளியாருக்கும் திறந்திருக்கிறது. இந்தியச் சாப்பாட்டுக்காக வரும் எந்த நாட்டவரும் அங்கே தட்டேந்தி ஒரே வரிசையில் நிற்கலாம். சேலத்துக்காரர் ஒருவர் போட்ட அடித்தளம் இது என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. நம் பாடநூல்களில் ஒரு வரியாவது இதற்கு இடம் வேண்டும்.

மூன்று நட்பு வட்டங்கள்

வெளிநாட்டு மாணவர்களின் மனநிலையை ஆய்வாளர்கள் முறையாகக் கவனிக்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1946இல் தொடங்கிய ஃபுல்பிரைட் உதவித்தொகை அதற்கு ஒரு தூண்டுகோல். அந்த உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய நார்வே நாட்டவர் சுமார் 200 பேரை ஆராய்ந்து ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் ஒரு முடிவை வெளியிட்டார். ஆறு மாதங்களுக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதங்களுக்கு மேல் தங்கியவர்களும் அந்தச் சமூகத்தோடு நன்றாகப் பொருந்தியிருந்தனர். இடைப்பட்ட காலம் தங்கியவர்கள்தாம் அதிகம் தவித்தவர்கள். முதலில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு மீட்சி என்ற இந்தச் சித்திரம் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. பின்னர் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1998இல் இதை மறுத்தது. வந்திறங்கிய தொடக்க நாட்களே மிகக் கடினமானவை என்று அது காட்டியது. உதவி எப்போது தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு இது முக்கியமான விடை.

நட்பைப் பற்றிய தெளிவான சட்டகத்தைத் தந்தவர் ஸ்டீபன் பாக்னர். ஹவாயில் படித்த வெளிநாட்டு மாணவர்களை ஆராய்ந்து, இரு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1977இல் அவர் வெளியிட்ட கட்டுரை, வெளிநாட்டு மாணவருக்கு மூன்று நட்பு வட்டங்கள் உண்டு என்றது. முதலாவது தன் நாட்டவர் வட்டம். தாய்மொழியில் பேசவும், பண்டிகை கொண்டாடவும், தான் யார் என்பதை மறக்காமல் இருக்கவும் அது உதவுகிறது. இரண்டாவது உள்ளூர் மாணவர்கள். பாடம், தேர்வு, அலுவலகம், வங்கி என்று காரியங்களை முடிக்க அவர்கள் தேவைப்படுகிறார்கள். மூன்றாவது, தன்னைப் போலவே வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஊர் சுற்றவும், விளையாடவும், பொழுதைக் கழிக்கவும் அந்த வட்டம் துணை.

இவற்றில் முதல் வட்டமே வலுவானது என்பதை பாக்னரும், 1985இல் லண்டனில் இதே கேள்வியை ஆராய்ந்த ஏட்ரியன் ஃபர்ன்ஹாமும் அலிபாயும் கண்டனர். லண்டன் ஆய்வில் உள்ளூர் மாணவர்கள் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தனர். ஆங்கிலேயரைப் பார்க்கத்தான் இங்கிலாந்து போனார்கள். பழகியதோ தம் நாட்டவரோடும் மற்ற அயலாரோடும். 2011இல் மீண்டும் ஹவாயில் நடந்த ஆய்வு ஒன்று, உள்ளூர் நண்பர்கள் அதிகமுள்ள மாணவர்களிடம் வீட்டு ஏக்கம் குறைவாகவும் மனநிறைவு கூடுதலாகவும் இருப்பதைக் கண்டறிந்தது. மிகவும் பயன் தரும் வட்டமே மிகவும் எட்டாத வட்டமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, சொந்த நாட்டவரோடு சேர்வதே தவறு என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி காய்ச்சித் தருபவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்தான். அந்த வட்டம் தரும் பாதுகாப்பு இருந்தால்தான் அடுத்த வட்டத்துக்குள் காலெடுத்து வைக்கத் துணிவு வரும். முதல் வட்டத்திலேயே படிப்புக் காலம் முழுவதும் முடிந்துபோவதுதான் இழப்பு.

மணிக்கணக்கும் மனச்சங்கடமும்

ஒருவர் நண்பராவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தோராயமான கணக்குத் தருகிறது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்று உரிமையோடு சொல்லச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். வேலையிலோ வகுப்பிலோ வெறுமனே அருகில் இருந்த நேரம் பெரிதாகக் கணக்கில் ஏறவில்லை. சேர்ந்து சாப்பிட்டதும், அரட்டையடித்ததும், ஒன்றாகத் திரிந்ததும்தான் ஏறின. ஒரே ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்த இருவர் கடைசிவரை அந்நியராகவே இருப்பது எப்படி என்று இப்போது விளங்கும்.

நேரம் மட்டும் போதுமா என்றால், போதாது. பாகுபாட்டு மனப்பான்மை பற்றி 1954இல் கார்டன் ஆல்போர்ட் எழுதிய நூல், இரு குழுவினர் பழகும்போது வெறுப்பு குறைய வேண்டுமானால் நான்கு நிபந்தனைகள் தேவை என்றது: இருவரும் அந்தச் சூழலில் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதற்காகக் கூடி உழைக்க வேண்டும், மேலே உள்ள நிர்வாகம் அதை வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். தாமஸ் பெட்டிக்ரூ 1998இல் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்: நட்பாக வளர்வதற்கு வாய்ப்புள்ள சூழலாக அது இருக்க வேண்டும். அவரும் லிண்டா ட்ராப்பும் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட பகுப்பாய்வு, குழுக்களுக்கிடையே பழக்கம் ஏற்படும்போது பொதுவாகப் பாகுபாடு குறைகிறது என்பதை உறுதிசெய்தது.

2008இல் வெளியான இன்னோர் ஆய்வைத் தனியே சொல்ல வேண்டும். நடாலி ஷூக்கும் ரஸல் ஃபேசியோவும் அமெரிக்காவில் முதலாமாண்டு வெள்ளையின மாணவர்களை ஆராய்ந்தனர். அவர்களுள் சிலருக்கு வெள்ளையின அறைத்தோழரும் சிலருக்குக் கறுப்பின அறைத்தோழரும் விடுதி நிர்வாகத்தால் ஒதுக்கப்பட்டிருந்தனர். கலப்பு அறைகளில் மனநிறைவு குறைவாக இருந்தது. இருவரும் சேர்ந்து கழித்த நேரமும் குறைவு. ஆனாலும் பருவம் முடியும்போது அந்த மாணவர்களிடம் இன மனச்சாய்வும் பதற்றமும் குறைந்திருந்தன. பண்பாட்டுப் பரிமாற்றம் என்றதும் புன்னகை ததும்பும் குழுப்படங்களே நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையான பரிமாற்றம் சங்கடத்தோடுதான் தொடங்கும். பாத்திரம் கழுவும் முறையில், இரவில் விளக்கு அணைக்கும் நேரத்தில், பெருங்காயத்தின் வாசனையில், மீன் சாற்றின் வாசனையில் அது தொடங்கும். சங்கடம் வந்ததும் அறையை மாற்றிக் கொடுத்துவிடும் நிர்வாகம், நட்புக்கான வாய்ப்பையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது.

மாஸ்கோ தரும் எச்சரிக்கை

அரசு ஒன்று நட்பையே கொள்கையாக அறிவித்துப் பல்கலைக்கழகம் கட்டினால் என்ன ஆகும்? சோவியத் ஒன்றியம் 1960இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு, கொல்லப்பட்ட காங்கோத் தலைவர் பாத்ரிஸ் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் மாணவர்கள் அங்கே இலவசமாகப் படித்தனர். ஏழை நாடுகளுக்கு மருத்துவர்களையும் பொறியாளர்களையும் தந்த அந்தத் தொண்டு பெரிது, மறுக்க முடியாதது.

ஆயினும் 1963 டிசம்பரில், கானா நாட்டு மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துகிடந்ததை அடுத்து, ஆப்பிரிக்க மாணவர்கள் நூற்றுக்கணக்கில் செஞ்சதுக்கத்தில் திரண்டனர். ரஷ்யப் பெண்ணை மணக்க இருந்ததால் அவர் கொல்லப்பட்டார் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. குடிபோதையில் குளிரில் விறைத்து இறந்தார் என்றது அரசுத் தரப்பு. மரணத்தின் காரணம் எதுவாக இருந்தாலும், அந்த ஊர்வலத்தை உண்டாக்கியது தெருவிலும் பேருந்திலும் நாள்தோறும் அவர்கள் சந்தித்த அவமதிப்பு. இன வெறுப்பு முதலாளித்துவ நாடுகளின் நோய் என்று அறிவித்துவிட்ட அரசு, தன் தெருவில் அது இருப்பதை ஒப்புக்கொள்ள மறுத்தது. ஒப்புக்கொள்ளாத நோய்க்கு மருந்தும் தேடப்படவில்லை.

நட்பு என்ன தரும்?

இத்தனை முயற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1930களின் பாரிஸ் விடை சொல்லும். மார்டினிக் தீவிலிருந்து 1931இல் பாரிஸ் வந்த எமே செசேர், லூயி-ல-கிராண்ட் பள்ளியில் செனகலைச் சேர்ந்த லெயோபோல்ட் செதார் செங்கோரைச் சந்தித்தார். கரீபியக் கறுப்பின இளைஞர் ஒருவருக்கு ஆப்பிரிக்கா என்பது அதுவரை காலனியப் பாடநூல்கள் இழிவாகக் காட்டிய கண்டம். செங்கோரின் நட்பு வழியாகத்தான் அது அவருக்கு மொழியும் கலையும் பெருமிதமும் கொண்ட மண்ணாகியது. பிரெஞ்சு கயானாவின் லெயோன் தமாவும் அவர்களோடு சேர்ந்தார். 1935இல் ‘கறுப்பின மாணவர்’ என்ற பொருள்படும் பெயரில் இதழ் ஒன்று வந்தது. கறுப்பினப் பண்பாட்டுப் பெருமிதத்தை முன்வைத்த நெக்ரித்யூத் இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. செங்கோர் 1960இல் செனகலின் முதல் குடியரசுத் தலைவரானார். அதே பள்ளியில் அவருக்குக் கிடைத்த இன்னொரு நண்பர் ஜார்ஜ் பாம்பிடூ, பிற்காலத்தில் பிரான்சின் குடியரசுத் தலைவர்.

ஒடுக்கப்பட்ட நாடுகளின் மாணவர்கள், ஆள்பவர்களின் தலைநகரில் ஒருவரையொருவர் கண்டுகொண்டது இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றையே திருப்பியது. பாக்னர் மூன்றாவதாக வைத்த, பொழுதுபோக்குக்கு உரியதென்று கருதிய வட்டத்தில் நடந்த மாற்றம் இது. அந்த வட்டத்தின் ஆற்றலை அவருடைய சட்டகம் குறைத்தே மதிப்பிட்டது என்பது என் கருத்து.

கொழும்புத் திட்டமும் இங்கே நினைவுக்கு உரியது. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டில் உருவான இத்திட்டத்தின் கீழ் ஆசிய மாணவர்கள் பல ஆயிரம் பேர் ஆஸ்திரேலியா சென்றனர். வெள்ளையரல்லாதோர் குடியேற அந்த நாடு தடைவிதித்திருந்த காலம் அது. மாணவர்கள் ஆஸ்திரேலியக் குடும்பங்களின் வீடுகளில் தங்கினர், அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டனர். 1957இல் மெல்போர்னில் பன்னாட்டு மாணவர் விடுதி திறக்கப்பட்டது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973இல் முற்றாக முடிவுக்கு வந்ததற்கு அரசியல், பொருளாதாரக் காரணங்கள் பல. சாப்பாட்டு மேசைகளில் நடந்த பழக்கமும் மக்கள் மனத்தை அதற்கு ஆயத்தப்படுத்தியது.

எராஸ்மஸின் வெற்றியும் எல்லையும்

மாணவர் பரிமாற்றத்தில் இன்று உலகம் உதாரணம் காட்டுவது ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டத்தை. இத்தாலியரான சோபியா கொர்ராடி அமெரிக்காவில் பெற்ற முதுகலைப் பட்டத்தை அவர் நாட்டுப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தது. அந்த அவமானத்திலிருந்து பிறந்த நெடிய போராட்டம், வெளிநாட்டில் படித்த பருவத்தைச் சொந்தக் கல்லூரி அங்கீகரிக்கும் முறைக்கு வழிகோலியது. 1987இல் 11 நாடுகளின் 3,244 மாணவர்களோடு திட்டம் தொடங்கியது. இன்றுவரை 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் இதனால் பயன்பெற்றுள்ளனர்.

போரில் ஒருவரையொருவர் கொன்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள் என்பது சாதாரண சாதனை அன்று. ஆனால் இந்த மாணவர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே பழகுகிறார்கள், உள்ளூர் மாணவர்களின் உலகுக்குள் நுழைவதில்லை என்பது திரும்பத் திரும்பச் சுட்டப்படும் குறை. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அவர்களுக்கு அறிமுக வாரம் தனி, விடுதி தனி, சுற்றுலா தனி. உள்ளூர் மாணவருக்கோ பள்ளிக்காலத்து நண்பர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆறு மாதத்தில் போய்விடும் ஒருவருக்காக அவர் 200 மணி நேரத்தை ஏன் செலவிட வேண்டும்? கூடவே தங்க வைத்திருந்தால், அந்த நேரம் சமையலறையிலேயே சேர்ந்திருக்கும்.

இன்றைய தடைகள்

2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் இருந்தனர். அவர்களில் இந்தியர் சுமார் 3.31 லட்சம் பேர். எண்ணிக்கையில் சீனாவை முந்திவிட்டோம். எட்மண்ட்ஸ் சந்தித்த மாணவரின் தனிமை அந்த வடிவில் இவர்களுக்கு இல்லை. விமானம் ஏறும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் அறைத்தோழர்கள் முடிவாகிவிடுகிறார்கள். “நம்ம பசங்களோடயே தங்கிக்கோ, சாப்பாட்டுக்குப் பிரச்சனை இருக்காது” என்பதுதான் பெற்றோர் சொல்லும் முதல் அறிவுரை. வாடகையைப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. பல்கலைக்கழக விடுதிக் கட்டணம் எட்டாத உயரத்தில் இருக்கும்போது, வெளியே ஓர் அடுக்ககத்தை நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்வதே வழி.

கடனும் சேர்ந்துகொள்கிறது. வீட்டை அடமானம் வைத்துப் போன மாணவர், அனுமதிக்கப்பட்ட நேரமெல்லாம் உணவகத்திலோ கிடங்கிலோ பகுதிநேர வேலை செய்கிறார். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். படிப்பும் வேலையும் போக எஞ்சுவது தூக்கம். அரட்டைக்கு நேரமில்லாதவரிடம் உலக நட்பைப் பற்றிப் பேசுவது அநீதி. வெளிநாட்டு மாணவரிடம் உள்ளூர் மாணவரைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எல்லோரும் சேர்ந்து தங்கக்கூடிய குறைந்த வாடகை விடுதிகளுக்குத் திருப்ப வேண்டும். ஆண்டுக்கொரு பண்பாட்டு விழா அதற்கு ஈடாகாது. மேடையில் பரதமும் கீழே சமோசாவுமாக ஒரு மாலை இனிதே கழியும். ஆனால் அங்கே ஒருவர் காட்டுகிறார், மற்றவர் பார்க்கிறார். இருவரும் சேர்ந்து செய்ய அங்கே ஒரு வேலையும் இல்லை.

நம் வீட்டு விருந்தினர்

வெளிநாட்டில் நம் பிள்ளைகள் தனித்து நிற்கக் கூடாது என்று விரும்பும் நாம், இங்கே படிக்க வருபவர்களை எப்படி நடத்துகிறோம்? இந்தியாவில் 2021–22 கணக்கின்படி ஏறத்தாழ 47 ஆயிரம் வெளிநாட்டு மாணவர்கள் படித்தனர். நேபாளத்திலிருந்து வருபவர்களே மிகுதி. ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்தும் வருகிறார்கள். பல கல்லூரிகளில் அவர்களுக்குத் தனி விடுதி. நகரங்களில் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது இன்றும் பெரும்பாடு. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில், இளைஞர் ஒருவரின் மரணத்தையடுத்து வதந்தி பரவ, நைஜீரிய மாணவர்கள் தாக்கப்பட்டனர். பெர்க்லியின் வீட்டு உரிமையாளர்களைப் பற்றிப் படித்து முகம் சுளிப்பவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவருக்கான தனி விடுதி முறையைக் கைவிட்டு, உள்ளூர் மாணவரோடு அறை பகிரும் வாய்ப்பைத் தர வேண்டும். மாணவர்களே சமைக்கும் பொதுச் சமையலறை ஒவ்வொரு விடுதியிலும் வேண்டும். முதல் மாதத்திலேயே ஒவ்வொரு புதிய மாணவருக்கும் உள்ளூர் மாணவர் ஒருவர் துணையாக அமர்த்தப்பட வேண்டும். அவமதிப்பு பற்றிய புகார் வந்தால், அப்படி எதுவும் இங்கே நடப்பதில்லை என்று சொல்லாமல் நிர்வாகம் விசாரிக்க வேண்டும்.

வெளிநாடு செல்லும் மாணவருக்கும் அவரை வழியனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். முதலாண்டு நம்மவரோடு தங்குங்கள், தவறில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு பருவமாவது வேறு நாட்டவரோடு அறையெடுத்துத் தங்கிப் பாருங்கள். கொஞ்சம் சங்கடம் இருக்கும், சமையலறையில் சண்டையும் வரலாம். அதற்காக மூட்டை கட்டிவிடாதீர்கள். பட்டம் எங்கே படித்தாலும் கிடைக்கும். வேறொரு நாட்டுக்காரரின் கண்ணால் உலகத்தைப் பார்க்கும் வாய்ப்பு, வாழ்க்கையில் பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மட்டுமே கிடைக்கிறது.